பத்தரைக்கு முன் ஒரு நட்டு

திருச்செல்வம் பிறந்ததே டாக்சியில்தான். சுங்கை வேயிலிருந்து ஆஸ்பத்திரி ஒன்றும் அவ்வளவு தூரமில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் நாலு பேரைப்போலக் கட்டிலில் பிறந்திருக்கலாம். பொறுக்கவில்லை. ஐம்பதைத் தொட்ட பிறகும் அந்த மனுஷனுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. உட்கார்ந்தால் முட்டி ஆடும். நின்றால் கையில் சாவிக்கொத்து சுழலும். கோயிலில் அர்ச்சனைக்கு நின்றால், ஐயர் நட்சத்திரம் கேட்பதற்குள் இவனே வீட்டில் உள்ள எல்லோருடைய நட்சத்திரத்தையும் ஒப்பித்துவிட்டு, விபூதிக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்பான்.

பள்ளிக்கூடம் முடிந்த கையோடு சுங்கை வேயில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்தான். நாள் முழுக்க ஒரே ஸ்டூலில் உட்கார வேண்டும் என்று தெரிந்ததும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அங்கே நடையாய் நடக்கலாம் என்பதால் பிடித்திருந்தது. ஆனால் சாப்பிட வந்தவர்கள் மெல்ல மெல்லச் சாப்பிட்டார்கள். மோர் வருவதற்கு முன்பே ஒருவருடைய இலையை இவனே மடக்கப்போய், வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். அப்புறம் டெங்கிலில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் உதவியாள். ஒரு நாள் அந்த லோரி தோட்டத்து நடுவில் நின்றுவிட்டது. என்னதான் ஆச்சு என்று பார்க்க அதன் அடியில் படுத்தவன், பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. மகன் ஒரே இடத்தில் அத்தனை நேரம் படுத்திருந்தான் என்று சொன்னபோது அவன் அம்மா நம்ப மறுத்துவிட்டார்.

அந்த லோரிக்காரரின் மகள்தான் ரமணி. கல்யாணமான புதிதில் இருவரும் லோரி லைசென்ஸ் எடுக்கப் போனார்கள். ரமணி முதல் தடவையிலேயே எடுத்துவிட்டாள். இவன் முன்னால் போகிற வண்டியையெல்லாம் முந்தப் பார்த்து, பரீட்சை வைக்க வந்தவரின் உயிரை வாங்கி, கடைசியில் அவரோடு சண்டையும் போட்டான். அதோடு அந்த விஷயம் முடிந்தது. பழைய பத்துச் சக்கர லோரி ஒன்றை வாங்கினார்கள். கிள்ளான் துறைமுகத்திலிருந்து ரவாங்குக்குக் கோழித்தீவன மூட்டை ஏற்றிப்போவது ரமணியின் வேலை. காப்பார் ரோட்டில் கமலநாதன் வைத்திருக்கும் லோரிப் பட்டறையில் ஸ்பேனர் பிடிப்பது இவன் வேலை. கமலநாதன் நிதானமான மனுஷர். இவனை முதல் மாதமே துரத்திவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். துரத்தவில்லை. என்ஜினுக்குள் கையை விட்டால் மட்டும் இவன் மனுஷனாகிவிடுகிறான் என்பதை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

என்ஜினுக்குள் கையை விட்டாலும்கூட, வெளியே ஏதாவது அவசரம் காத்திருந்தால் பழைய குணம் எட்டிப் பார்க்கும். போன தீபாவளிக்கு முதல் நாள் அப்படித்தான் பார்த்தது.

ரமணியின் லோரியில் புகைக்குழாய் மூட்டைக் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போய்விட்டதென்று மாற்றிக்கொண்டிருந்தான். என்ஜினின் பக்கவாட்டில், ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் புகையைச் சேர்த்து வெளியே அனுப்ப ஒரு கனத்த இரும்புக் குழாய் உண்டு. மேனிஃபோல்டு என்பார்கள். அதை என்ஜினோடு இறுக்கிப் பிடித்திருப்பவை விரல் நீளமுள்ள ஸ்டட்டுகள். ஒரு முனை என்ஜினுக்குள் மரையில் ஏறியிருக்கும், மறு முனையில் நட்டு. சூட்டிலேயே கிடந்து கிடந்து அவை முறுக்குபோல ஒடிகிற பதத்துக்கு வந்துவிடும். அன்றைக்குப் பட்டறையில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறிவிட்டதென்று போன் வந்துகொண்டே இருந்தது. கடைசி சிலிண்டரில் முடுக்கும்போது, டக் டக்கென்று அடுத்தடுத்து இரண்டு ஸ்டட்டுகள் கழுத்தோடு ஒடிந்து நட்டோடு கையில் வந்துவிட்டன.

அடித்துண்டுகளை எடுக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். திருச்செல்வம் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். மற்ற ஸ்டட்டுகள் பிடித்துக்கொள்ளும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கையில் வந்த இரண்டு தலைகளையும் பழைய இரும்பு டின்னில் போட்டுவிட்டு, முறுக்குத் தின்னப் போய்விட்டான். பண்டிகை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தான். பண்டிகை முடிந்தது. மறந்துவிட்டான் என்று சொல்வது அவனுக்குச் சலுகை காட்டுவதாகும். நினைக்காமலே இருந்தான்.

ரமணிக்குத் தலைவலி வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். காலையில் நன்றாகப் போவாள், மத்தியானம் இரண்டு கையாலும் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு வருவாள். தண்ணீர் போதாது என்றான். தண்ணீர் குடித்தாள். தூக்கம் போதாது என்றான். சீக்கிரம் படுத்தாள். கண்ணாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்லி, பிரிக்பீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள் ஷாமினியிடம் அனுப்பினான். மகள் எழுத்துப் பலகையைக் காட்டினாள், அம்மா கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தாள். "கண்ணுல ஒண்ணுமே இல்லப்பா," என்று ஷாமினி போனில் சொன்னாள். அப்படியும் விடாமல் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுக்க வைத்தான். ரமணி அதையும் கொஞ்ச நாள் மாட்டிக்கொண்டு ஓட்டினாள்.

ஒரு நாள் சிவப்பு விளக்கில் நின்ற இடத்திலேயே ரமணி தூங்கிப்போனாள். பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரன் கதவைத் தட்டி, "அக்கா, ஓகே தானே?" என்று எழுப்பினான். கால் பிரேக்கில் இருந்ததால் பிழைத்தாள். கால் கொஞ்சம் நழுவியிருந்தால், முன்னால் நின்ற பள்ளிப் பேருந்தில் போய் இடித்திருப்பாள்.

வீட்டுக்கு வந்து அவள் கத்தவில்லை. பையை வைத்துவிட்டு, "எனக்குத் தூக்கம் இல்ல. புகை உள்ள வருது. கேபினுக்குக் கீழருந்து வருது," என்றாள். அந்த லோரியில் ஓட்டுநர் உட்காரும் கேபின் என்ஜினுக்கு நேர் மேலே இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக்கென்று ஒரு சத்தம் வருவதையும் அவளே சொன்னாள். எந்த ஓட்டை, எந்த சிலிண்டர் என்று திருச்செல்வத்துக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று.

"ரவாங்ல ஒரு பட்டறை சொன்னாங்க. அங்க விட்டுடறேன்," என்றாள்.

"நான் இருக்கும்போது அங்க எதுக்கு?"

"போன தீபாவளிக்கு நீங்கதானே கேஸ்கெட் போட்டீங்க? அவசரத்துல போட்டீங்க."

"ஒரு நாள் குடு ரமணி. ஒரே ஒரு நாள்."

"சரி. ஆனா இந்தத் தடவயும் அவசரப்பட்டீங்கன்னா, இனிமே என் லோரியத் தொட வேணாம். ஒரு போல்ட்டுகூட," என்றாள். ரமணி சும்மா சொல்கிறவள் இல்லை என்பது இவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் லோரியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து விட்டாள். விட்டதோடு போகவுமில்லை. கமலநாதனின் மேஜைக்கு மேலே தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். அந்த நேரத்தில் அவள் லோரி வாசலைத் தாண்டாது என்பது துறைமுகத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. லோரிக்கே அப்படியென்றால், லோரியின் வயிற்றைத் திறக்க விடுவாளா?

"பத்தரைக்கு முன்னாடி ஆரம்பிங்க. இல்ல, பன்னண்டுக்கு மேல ஆரம்பிங்க," என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கேபினை முன்பக்கமாகக் கவிழ்த்து, சூடு தடுக்கும் தகடுகளைக் கழற்றி, மேனிஃபோல்டு கண்ணில் படுவதற்குள் மணி பத்தரையை நெருங்கிவிட்டது. முறைப்படி செய்வதானால் துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு நட்டுக்கும் அடித்து, நன்றாக ஊறவிட்டு, கேஸ் விளக்கால் சூடு காட்டி, அதற்குப் பிறகுதான் ஸ்பேனரே வைக்க வேண்டும். அதற்கெல்லாம் நேரம் ஏது? பன்னிரண்டுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா? நினைக்கும்போதே அவனுக்கு முதுகு அரித்தது.

கமலநாதன்தான் வழி சொன்னார். "ஒரு நட்டை லேசா அசைச்சு வைடா. ஆரம்பிச்ச கணக்குலா. அப்புறம் ராகு காலம் வந்தாலும் தோஷமில்ல."

நம்மவர்களுக்கு இது தெரியாத வித்தையா? பயணம் போகிறவர்கள் நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அப்புறம் சாவகாசமாகக் கிளம்புவார்கள். பத்திரம் எழுதுகிறவர்கள் முன்கூட்டியே ஒரு சுழி மட்டும் போட்டு வைப்பார்கள். ராகுவை இப்படி ஏமாற்றலாம் என்றுதான் ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. ரமணியும் தலையாட்டினாள். "அது சரிதான். தொட்டு வைங்க."

திருச்செல்வம் மணி பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரந்தான் இருந்தது. நீளக் கைப்பிடி போட்ட ஸ்பேனரை எடுத்து, கைக்கு எட்டிய நட்டில் மாட்டி, எண்ணெய் காட்டாமல், சூடு காட்டாமல், உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து ஒரே இழுப்பு இழுத்தான்.

டக்.

நட்டு அசைந்ததுதான். ஸ்டட்டின் தலையோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. குனிந்து பார்த்தான். ஒடிந்த இடம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலாவது எதையாவது வைத்துப் பிடிக்கலாம். இது என்ஜினின் முகத்தோடு முகமாக, மழுங்கலாக, உள்ளேயே ஒடிந்திருந்தது. இருப்பதிலேயே மோசமான ஒடிதல்.

ரமணிக்கு அந்தச் சத்தம் என்ன சத்தமென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இப்பவே வெல்டிங் போட்டு எடுத்துடறேன்," என்றான் திருச்செல்வம். "அதான் ஆரம்பிச்சாச்சே."

"ஆரம்பிச்ச லட்சணத்தப் பார்த்தாச்சு. பன்னண்டு வரைக்கும் யாரும் தொடாதீங்க," என்று எழுந்தவள், பக்கத்தில் மாரியாயி அக்காவின் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டாள். போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்திவிட்டுப் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஒன்றரை மணி நேரம் திருச்செல்வம் பட்ட பாடு இருக்கிறதே! உட்கார்ந்தான், எழுந்தான், ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கினான், அடுக்கியதைக் கலைத்தான். வாசலுக்குப் போய் மாரியாயி அக்கா கடையை எட்டிப் பார்த்தான். ரமணி நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீக் கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தான். எண்ணெய் அடிப்பது தொடுவதாகாது என்று தனக்கொரு சட்டம் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த நட்டுகளுக்கெல்லாம் துரு எண்ணெயை அடித்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தான். வேறு வேலை இல்லாததால் மறுபடியும் அடித்தான்.

இன்றைக்கு ஒடிந்ததைப் பற்றிக்கூட அவனுக்கு அவ்வளவு கவலை இல்லை. அதை அவள் பார்த்துவிட்டாள், கேட்டுவிட்டாள், கோபித்தும் விட்டாள். பின்னால் கடைசி சிலிண்டரில் இருக்கும் அந்த இரண்டும்தான் அவனை அரித்தன. மேனிஃபோல்டு இறங்கிவிட்டால் அவை பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். அவள் வருவதற்குள் வெளியே எடுத்துவிட முடியுமா? எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இப்படி நினைத்த மறுகணமே அந்தப் பள்ளிப் பேருந்து நினைவுக்கு வந்தது. நிற்க முடியாமல் பட்டறையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தான்.

பன்னிரண்டு அடித்ததும் கமலநாதன் கேஸ் விளக்கைப் பற்றவைத்தார். ஒவ்வொரு நட்டாகச் சூடு காட்டினார்கள். எண்ணெய் ஊறியிருந்த நட்டுகள் முரண்டு பண்ணாமல் இளகி வந்தன. ஒன்றுகூட ஒடியவில்லை. காலையில் ராகுவை ஏமாற்றப் போனவன், அந்த ராகு கொடுத்த நேரத்தில்தான் பிழைத்தான். இதை அவனிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான்.

மேனிஃபோல்டை இறக்கினார்கள். கமலநாதன் கடைசி சிலிண்டரைப் பார்த்தார். கரிபிடித்துக் கிடந்த இரண்டு அடித்துண்டுகளையும் பார்த்தார். பிறகு திருச்செல்வத்தைப் பார்த்தார்.

"இது பழசு," என்றார்.

"ம்."

அவர் மேலே ஒன்றும் கேட்காமல் வெல்டிங் முகமூடியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

அந்த இரண்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் அதிகம் படுத்தவில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் போட்டு நிரப்பினான். சிவந்த இரும்பு கறுத்ததும் மெழுகுவர்த்தியைக் காட்டினான். மெழுகு உருகி மரைக்குள் ஓடிப் புகைந்தது. முன்னும் பின்னும் அசைத்து அசைத்துத் திருப்ப, இரண்டும் வந்துவிட்டன. காலையில் ஒடித்தது மட்டும் வரவில்லை. நட்டு உட்காரவே அதற்கு இடமில்லை. முதலில் வெல்டிங்கால் கொஞ்சம் மேடு எழுப்பி, அதன் மேல் வாஷர் வைத்து, அதன் மேல் நட்டு வைத்துச் சேர்த்தான். திருப்பினான். நட்டு மட்டும் பிய்த்துக்கொண்டு வந்தது. மறுபடி சேர்த்தான். மறுபடி பிய்ந்தது.

வியர்வை கண்ணில் இறங்கியது. கை துறுதுறுத்தது. சுவரில் டிரில் மெஷின் தொங்கியது. ஓட்டை போட்டுத் தள்ளிவிட்டால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் முனை ஒரு அரிசியளவு விலகினாலும் பின்னால் ஓடும் தண்ணீர்ப் பாதையில் போய் இறங்கிவிடும். அப்புறம் என்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே கழற்ற வேண்டும், ரமணியின் லோரி வாரக்கணக்கில் படுத்துவிடும். டிரில்லை எடுத்தான். ஓட்டைக்கு அடையாளப் பொட்டு வைக்கக்கூட ஆரம்பித்துவிட்டான்.

"அவசரமா?" என்றார் கமலநாதன். கிண்டலா, கேள்வியா என்று தெரியவில்லை.

டிரில்லைக் கீழே வைத்தான். எரிச்சலில் அவனுக்கு அழுகைகூட வந்தது. ஐம்பது வயதுக்காரன் ஒரு விரற்கடை இரும்புக்காக அழுவதா என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டான். மூன்றாம் தடவை கம்பி பிரஷ் போட்டு நன்றாகத் தேய்த்து, சொட்டுச் சொட்டாக மேடு எழுப்பி, நட்டைச் சேர்த்தான். சேர்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். சிவப்பு மங்கி ஆரஞ்சாகி, ஆரஞ்சு மங்கிக் கறுப்பாகும்வரை நின்றான். மெழுகைக் காட்டினான். ஸ்பேனரை வைத்து மயிரிழை அளவு முன்னால் தள்ளினான், மயிரிழை அளவு பின்னால் இழுத்தான். ஒன்றும் அசையவில்லை. மறுபடி மெழுகு. மறுபடி முன்னால், பின்னால். எப்போது இளகியது என்று அவனுக்கே தெரியவில்லை. கீச்சென்று ஒரு முனகல் கேட்டது, கைக்குள் ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது. முழுத் துண்டும் சுழன்று வெளியே வந்தபோது அவன் அதைக் கீழே போடாமல் தட்டில் மெதுவாக வைத்தான்.

பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மரைகளைச் சுத்தம் பண்ணி, புது ஸ்டட்டுகளுக்குச் செப்புக் கிரீஸ் தடவி ஏற்றினான். புது கேஸ்கெட். நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான். என்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றி, நிறுத்தி ஆறவிட்டு, இன்னொரு சுற்று முடுக்கினான். டிக் டிக் போய்விட்டது. கையை வைத்துப் பார்த்தான், காகிதத்தை வைத்துப் பார்த்தான். எங்கேயும் காற்று இல்லை. இந்தக் குழாய் இனி தன் பேரனுக்கும் உழைக்கும் என்று தோன்றியது.

சாயங்காலம் ரமணி வந்தாள். என்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டாள். முகத்தில் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது. பிறகு கழற்றிய பழைய சாமான்கள் கிடந்த தட்டைப் பார்த்தாள். முழுசாக வந்த ஸ்டட்டுகளை விரலால் ஒதுக்கினாள். வெல்டிங் நட்டோடு வந்த அடித்துண்டுகள் மூன்று. காலையில் அவன் கையோடு வந்த துருப்பிடித்த தலை ஒன்று.

"ஒடஞ்ச அடி மூணு இருக்கு. தலை ஒண்ணுதானே இருக்கு," என்றாள். "மத்த ரெண்டு எங்க?"

கமலநாதன் கையைத் துடைத்துக்கொண்டே, "அது ரோட்டுல எங்கயாச்சும் விழுந்திருக்கும் தங்கச்சி. லோரி ஆட்டத்துல ஒடஞ்சு விழுறது சகஜம்லா," என்றார்.

பெரிய மனசு. இதைவிட நல்ல பொய்யை யாரும் கையில் எடுத்துக் கொடுக்க முடியாது. ஊரில் ஓடுகிற லோரிகளில் பாதிக்கு இதுதான் கதி, யார் கேட்டாலும் நம்புவார்கள். திருச்செல்வம் வாயைக்கூடத் திறக்க வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். ரமணி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனால் ஆட்ட முடியவில்லை.

"ரோட்டுல விழல," என்றாள் ரமணி. அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

"இல்ல."

"எப்ப?"

"போன தீபாவளிக்கு. முடுக்குறப்ப ஒடஞ்சிருச்சு. மத்தது புடிச்சுக்கும்னு விட்டுட்டேன்."

கமலநாதன், ஓடாமல் கிடந்த கம்ப்ரஸரை அவசரமாகப் பார்க்கப் போய்விட்டார்.

ரமணி கையிலிருந்த துண்டைத் தட்டில் போட்டாள். "அப்ப என்னைய கண்ணாடி வாங்க அனுப்புனப்ப இது ஒங்களுக்குத் தெரியும்."

"ஒடஞ்சது தெரியும். அது ஒன் தலைக்குள்ள போவுதுன்னு தெரியாது ரமணி. சத்தியமா தெரியாது."

"தெரியாதா? இல்ல, நெனச்சுப் பாக்க நேரம் இல்லியா?"

ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்து, சொன்னால் அதுவும் அவசரமாகிவிடும் என்று மூடிக்கொண்டான். அவளுக்கு முன்னால் அத்தனை சின்னவனாக அவன் ஒருநாளும் நின்றதில்லை.

ரமணி சாவியை எடுத்துக்கொண்டாள். "நாளைக்கு ரவாங் லோட் இருக்கு. நீங்களும் வர்றீங்க."

"நாளைக்கு இங்க ஒரு கிளட்ச் வேலை..."

"ஒனக்கு நாளைக்கு லீவுடா," என்று கம்ப்ரஸருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

சனிக்கிழமை காலை மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் ரமணி தன் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றினாள். கையை நீட்டி அவன் பக்கத்துக் கண்ணாடியையும் ஏற்றச் சொன்னாள். அவன் ஏற்றினான். அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருவரும் அடைபட்டார்கள்.

கிள்ளானைத் தாண்டுவதற்குள் ஜாம். வழக்கமாக இவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுவது பெரிய தண்டனை. லேன் மாறு என்பான், ஹார்ன் அடி என்பான், முன்னால் போகிறவனின் பரம்பரையையே இழுப்பான். இன்றைக்கு ரோட்டையே பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான். அவள் கண்ணை இமைத்தால் இவனுக்குத் திக்கென்றது. நெற்றியில் கை வைத்தால் இவனும் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். தனக்குத் தலை கனக்கிறதா, தொண்டை கமறுகிறதா என்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தான். தன் கையால் முடுக்கிய ஒவ்வொரு நட்டும் மனசுக்குள் வந்து போனது. நேற்று அத்தனை உறுதியாகத் தெரிந்த வேலை, இப்போது அவள் அதன் மேல் உட்கார்ந்து மூச்சு விடும்போது உறுதியாகத் தெரியவில்லை. இத்தனை மாதமும் அவள் இந்தப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து போயிருக்கிறாள் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. ரமணி இல்லாத வீடு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கப் போய், பாதியிலேயே பயந்து நிறுத்திக்கொண்டான்.

ரமணி கொட்டாவி விட்டாள்.

"என்ன? என்ன ஆச்சு? தலை வலிக்குதா? ஓரமா நிப்பாட்டு, நிப்பாட்டு!"

"ராத்திரி தூங்கல," என்றாள் அவள். "ஒங்களாலதான்."

ரவாங்கில் மூட்டை இறக்க வரிசை. இருவரும் கேபினிலேயே உட்கார்ந்து, அவள் கட்டிக்கொண்டு வந்த தேங்காய்ப்பால் சோற்றை, நாசி லெமாக்கைத் தின்றார்கள். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடியை அவள் இறக்கவில்லை, இவனும் இறக்கச் சொல்லவில்லை. அவளுக்கும் தலைவலி வரவில்லை, இவனுக்கும் வரவில்லை. காலி லோரியோடு திரும்பி வரும்போதும் வரவில்லை.

பட்டறை வாசலில் அவனை இறக்கிவிட லோரியை நிறுத்தினாள். வேலை சுத்தம், இனி அவள் மன்னித்துவிடுவாள் என்று அவனுக்குத் தெம்பு வந்திருந்தது. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டு, "பாத்தியா, ஒண்ணும் இல்லதானே? இனிமே தைரியமா ஓட்டு," என்றான்.

"திங்கக்கிழமயும் வாங்க," என்றாள் ரமணி.

"அதான் நல்லாயிருச்சே. எதுக்கு? எத்தன நாளைக்கு இப்பிடி?"

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நேரமும் அவளுக்குத் தன் மேல் கோபம் என்றுதான் திருச்செல்வம் நினைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பயம் போற வரைக்கும்," என்றாள்.

அவன் கீழே வைத்த காலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டான்.